டெபியன் அப்டேட்டில் பழுதான கெர்னலை மட்டும் வெளியே நிறுத்துவது எப்படி?

2023 டிசம்பரில் டெபியன் என்ற லினக்ஸ் இயங்குதளத்தின் 12.3 பதிப்பு வெளியாக வேண்டிய நாளில், அதோடு வரும் 6.1.64-1 கெர்னல் (இயங்குதளத்தின் மையப் பகுதி) ஈஎக்ஸ்டி4 என்ற கோப்பு முறைமை உள்ள வட்டில் தரவைச் சிதைக்கக்கூடும் என்று தெரிந்து வெளியீட்டையே நிறுத்தினார்கள். அதற்குள் அந்தக் கெர்னல், அப்டேட்களை வழங்கும் மிரர் சர்வர்களில் ஏறிவிட்டது. மற்ற அப்டேட் எல்லாம் வேண்டும், இது ஒன்று மட்டும் வேண்டாம். அன்று நான் செய்ததைத்தான் எழுதுகிறேன். கட்டளைகளை உச்சரிப்பில் தருகிறேன். டெர்மினலில் ஆங்கில எழுத்தில் அடியுங்கள்.

டெபியனில் பேக்கேஜ்களை நிறுவுவதும் புதுப்பிப்பதும் ஆப்ட் என்ற கருவி. முதலில் வழக்கம்போல 'சூடோ ஆப்ட் அப்டேட்', பிறகு 'ஆப்ட் லிஸ்ட் --அப்கிரேடபிள்'. வரிசையில் என்னென்ன நிற்கின்றன என்று தெரிந்துவிடும்.

ஒரு பேக்கேஜை இருக்கும் பதிப்பிலேயே பூட்டிவைக்க எல்லோரும் சொல்லும் வழி 'சூடோ ஆப்ட்-மார்க் ஹோல்ட்', அப்புறம் பேக்கேஜ் பெயர். விடுவிக்க 'அன்ஹோல்ட்', பூட்டியவற்றைப் பார்க்க 'ஷோஹோல்ட்'. நான் ஓடிக்கொண்டிருந்த 'லினக்ஸ்-இமேஜ்-6.1.0-13-ஏஎம்டி64'ஐ ஹோல்ட் செய்துவிட்டு நிம்மதியாக அப்கிரேடு கொடுத்தேன். புதிதாக நிறுவப்படும் பட்டியலில் 6.1.0-14 ஜம்மென்று உட்கார்ந்திருந்தது! டெபியனில் இப்படி எண் மாறி வரும் கெர்னல் பழையதன் புதிய பதிப்பு அல்ல, தனிப் பேக்கேஜ். அதை உள்ளே இழுத்து வருவது 'லினக்ஸ்-இமேஜ்-ஏஎம்டி64' என்ற மெட்டா பேக்கேஜ், அதாவது புதிய கெர்னலைச் சுட்டிக்காட்ட மட்டுமே இருக்கும் பேக்கேஜ். பூட்ட வேண்டியது அதைத்தான்.

ஆனாலும் எனக்கு ஹோல்ட் பிடிக்காது. போட்டதை மறந்துவிடுவோம், பாதுகாப்புத் திருத்தங்களும் சேர்ந்து நின்றுபோகும். கெட்ட பதிப்பை மட்டும் தடுக்கும் பின்னிங்தான் என் கட்சி. '/ஈடிசி/ஆப்ட்/பிரிஃபரென்சஸ்.டி' கோப்புறைக்குள் ரூட் உரிமையோடு ஒரு கோப்பு உருவாக்கி இந்த மூன்று வரிகளை எழுதுங்கள்:

பேக்கேஜ்: லினக்ஸ்-இமேஜ்-*
பின்: வெர்ஷன் 6.1.64-1
பின்-பிரையாரிட்டி: -1

பூஜ்யத்துக்குக் கீழே எந்த எண் கொடுத்தாலும் ஆப்ட் அந்தப் பதிப்பைத் தொடாது.

கோப்பின் பெயரில் கவனம். பழக்கதோஷத்தில் நான் கடைசியில் '.கான்ஃப்' போட்டுவிட்டேன். இங்கே '.பிரெஃப்' (பிரிஃபரென்சஸின் சுருக்கம்) இருக்கலாம், இல்லையென்றால் பின்னொட்டே இருக்கக் கூடாது. மற்றதை ஆப்ட் ஒதுக்கிவிடும். 'என்:' என்று தொடங்கும் ஒரு வரியில் அதைச் சொல்லவும் செய்தது; எச்சரிக்கைதானே என்று நான்தான் படிக்கவில்லை. அரை மணி நேரம் போனது.

அதனால் 'ஆப்ட்-கேஷ் பாலிசி லினக்ஸ்-இமேஜ்-ஏஎம்டி64' அடித்து, 'கேண்டிடேட்' வரியில் 6.1.64-1 இல்லை என்று உறுதி செய்யுங்கள். 'ஆப்ட் -எஸ் அப்கிரேடு' கொடுத்தால் எதையும் நிறுவாமல் ஒத்திகை மட்டும் பார்க்கும். சரியாக இருந்தால் நிஜ அப்கிரேடு.

டிசம்பர் 10 அன்று 6.1.66-1 கெர்னலோடு 12.4 வந்தது. நாம் போட்ட பின்னிங் அதைத் தடுக்காது, தானாக இறங்கும். அதில் சிலருக்கு வைஃபை தகராறு, 6.1.67-1இல்தான் தீர்ந்தது. உங்களுக்கும் அப்படி நேர்ந்தால் ஒரு வெற்று வரி விட்டு, எண்ணை மாற்றி அதே மூன்று வரிகளைச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

பிற்சேர்க்கை: சினாப்டிக் என்ற வரைகலைப் பேக்கேஜ் மேலாளரில் பூட்டியும் டெர்மினலில் அப்டேட் ஆகிவிட்டது என்றார் ஒருவர். சினாப்டிக்கின் பூட்டு சினாப்டிக்குக்கு மட்டும்தான், ஆப்ட் அதைக் கண்டுகொள்ளாது. கெட்ட கெர்னல் ஏற்கெனவே ஏறிவிட்டதா? ரீபூட் செய்து, தொடக்கத்தில் வரும் கிரப் மெனுவின் 'அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ்' வழியாகப் பழைய கெர்னலில் நுழைந்த பிறகு அதை நீக்குங்கள். பின்னிங் புதிதாக வருவதைத்தான் தடுக்கும், உள்ளே வந்ததை வெளியேற்றாது.