வளைவைப் பொருத்துவதற்கு முன் வரைபடத்தைப் பாருங்கள்

நேரியல் அல்லாத ரிக்ரெஷன் மாதிரியை, அதாவது தரவுக்கு ஏற்ற வளைவின் சமன்பாட்டை, ஆர் என்ற புள்ளியியல் மென்பொருளின் என்.எல்.எஸ் (nls) கட்டளையால் பொருத்தும்போது, ‘சிங்குலர் கிரேடியன்ட்’ என்ற பிழைச்செய்தியோடு கணக்கு நின்றுவிட்டால், பல நேரங்களில் கோளாறு தரவில் இருப்பதில்லை. சமன்பாட்டின் அளவுருக்களுக்கு, அதாவது வளைவின் வடிவைத் தீர்மானிக்கும் எண்களுக்கு, நாம் கொடுத்த தொடக்க மதிப்புகள் விடையிலிருந்து வெகுதொலைவில் இருப்பதே காரணம். அந்த மதிப்புகளை ஊகிக்க வேண்டியதில்லை, வரைபடத்திலிருந்தே படித்துக்கொள்ளலாம்.

ஆர் மென்பொருளோடு வரும் பியூரோமைசின் என்ற மருந்தைப் பற்றிய தரவில், அம்மருந்திட்ட நொதிக்குரிய 12 அளவீடுகளை வரைந்தால், வினைவேகம் முதலில் விறுவிறுவென ஏறி, நொதி வினைபுரியும் பொருளின் செறிவு 1.10 ஆகும்போது 200, 207 என்ற அளவில் தட்டையாகிறது. வினைவேகத்தைச் செறிவோடு இணைக்கும் மைக்கேலிஸ்–மென்டன் சமன்பாட்டில் உச்ச வேகத்துக்கு 207 என்றே தொடங்கலாம். இன்னொரு அளவுரு, அந்த உச்சத்தின் பாதி வேகத்தைத் தரும் செறிவு என்பதால், 97, 107 என்ற வேகங்கள் பதிவான 0.06 என்ற செறிவையே அதற்குக் கொடுக்கலாம். இவற்றிலிருந்து தொடங்கும் கணக்கு சில சுற்றுகளிலேயே ஏறத்தாழ 212.7, 0.064 என்ற விடைகளை அடைகிறது. இதே மாதிரிக்குத் தொடக்க மதிப்புகளைத் தானே கண்டுகொள்ளும் எஸ்.எஸ்.மிக்மென் என்ற வசதியும் உண்டு. ஆனாலும் வரைபடத்தைப் பார்க்கும் வழக்கத்தை விட்டுவிடக் கூடாது என்பதே என் உறுதியான கருத்து.

சமன்பாட்டைத் தலைகீழாக்கி நேர்கோடாக மாற்றும் பழைய முறையைத் தொடக்க மதிப்புக்கு மட்டும் பயன்படுத்துங்கள். அது குறைந்த செறிவில் உள்ள சிறு பிழைகளைப் பெரிதாக்கிவிடும். பொருத்திய பின், எச்சங்களை (அளந்த மதிப்புக்கும் வளைவு தரும் மதிப்புக்கும் உள்ள வேறுபாடுகளை) வரைந்து அவற்றில் வளைவு ஏதும் மிஞ்சியிருக்கிறதா என்று பாருங்கள்.