முதுமலையில் எங்கே தங்குவது? முதன்முறை வருபவர்களுக்கான செய்முறை

முதுமலைக்கு முதன்முறை கிளம்புபவர்கள் பெரும்பாலும் அறையின் படத்தைப் பார்த்துப் பணம் கட்டிவிடுகிறார்கள். வந்து இறங்கிய பிறகுதான், சஃபாரி தொடங்கும் இடம் அறுபது கிலோமீட்டர் தள்ளி இருப்பது தெரிகிறது. அல்லது ஒன்பது மணிக்குச் சாலையை மூடிவிட்டார்கள் என்று சோதனைச்சாவடியில் திருப்பி அனுப்புகிறார்கள். அறை நன்றாக இருந்தும் பயணம் கெட்டுப்போகும். இந்தக் காட்டுக்கு முதலில் முடிவு செய்ய வேண்டியது எந்தச் சாலையில் தங்குவது என்பதைத்தான். அறையைப் பிறகு பார்க்கலாம்.

படி 1: தெப்பக்காட்டிலிருந்து தூரம் பாருங்கள்

வனத்துறையின் சஃபாரி, யானை முகாம் இரண்டும் இருப்பது தெப்பக்காட்டில், மாயாற்றுப் பாலத்தின் அருகே. அங்கிருந்து மூன்று சாலைகள் பிரிகின்றன. வடக்கே போவது கக்கனல்லா சோதனைச்சாவடி வழியாகப் பந்திப்பூர், மைசூரு. தென்மேற்கே போவது தொரப்பள்ளி வழியாகக் கூடலூர், சுமார் 18 கி.மீ. கிழக்கே போவது மசினகுடி, சுமார் 8 கி.மீ.

விடுதியின் விளம்பரத்தில் "முதுமலை அருகே" என்று இருந்தால் அதை வைத்து எதையும் முடிவு செய்யாதீர்கள். மேப்பில் விடுதியின் சரியான இடத்தை அனுப்பச் சொல்லுங்கள். அங்கிருந்து தெப்பக்காடு பாலத்துக்குச் சாலைத் தூரத்தை நீங்களே போட்டுப் பாருங்கள். 15 கி.மீ.க்குள் இருந்தால் காலைச் சஃபாரிக்குப் பதற்றமில்லாமல் போகலாம்.

நேர்க்கோட்டுத் தூரம் இங்கே ஏமாற்றும். ஊட்டியிலிருந்து தெப்பக்காட்டுக்குக் கல்லட்டி வழியாகச் சுமார் 36 கி.மீ.தான். ஆனால் அந்தச் சாலையில் 36 கொண்டை ஊசி வளைவுகள் உண்டு. 2018இல் நடந்த பெரிய விபத்துக்குப் பிறகு, வெளியூர்ப் பதிவு எண் கொண்ட வண்டிகளை ஊட்டியிலிருந்து அந்த வழியில் இறங்க விடுவதில்லை. கூடலூர் சுற்றித்தான் வர வேண்டும். அது சுமார் 67 கி.மீ., இரண்டரை மணி நேரம். விடிந்தவுடன் கிளம்பும் சஃபாரிக்கு ஊட்டியிலிருந்து வருவதென்றால் குழந்தைகளை மூன்றரை மணிக்கு எழுப்ப வேண்டியிருக்கும். ஊட்டியில் அறை எடுத்து "முதுமலையை ஒரு நாள் பார்த்துவிட்டு வருகிறோம்" என்று போடும் திட்டம் பெரும்பாலும் இங்கேதான் உடைகிறது.

படி 2: எந்தப் பக்கம் உங்களுக்கு ஒத்துவரும்?

தெப்பக்காடு: காட்டுக்கு நடுவே தங்க வேண்டும், வசதி குறைந்தாலும் பரவாயில்லை என்பவர்களுக்கு இதைவிட நல்ல இடம் இல்லை. வனத்துறையின் அறைகள் தெப்பக்காட்டிலும், கார்குடி, அபயாரண்யம் போன்ற இடங்களிலும் உள்ளன. புலிகள் காப்பகத்தின் இணையதளத்தில் முன்பதிவு செய்யலாம். வார இறுதி, மே மாதம், தொடர் விடுமுறை என்றால் கடைசி நேரத்தில் அறை கிடைக்காது. பயணத் தேதி முடிவான அன்றே பாருங்கள்.

இங்கே தங்குபவர்கள் சில விஷயங்களுக்குத் தயாராக வர வேண்டும். சாப்பாடு எளிமையாகத்தான் இருக்கும், முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். இருட்டிய பிறகு அறையை விட்டு வெளியே நடக்க முடியாது. அப்புறம் குரங்குகள். ஜன்னலைக் கொஞ்சம் திறந்து வைத்துவிட்டுப் போனால், பழம் இருந்த பை திரும்பி வரும்போது கூரைமேல் கிடக்கும். தாழ்ப்பாளைப் போட்டு, இழுத்துப் பார்த்துவிட்டுத்தான் வெளியே கிளம்ப வேண்டும்.

பதிலுக்குக் கிடைப்பது பெரிது. விடிகாலையில் வாசலிலேயே புள்ளிமான் கூட்டம் நிற்கும். முகாமில் ராகி, கொள்ளு, அரிசியை வேகவைத்து, பாகன்கள் கையால் உருட்டிய பெரிய கவளங்களை யானையின் வாய்க்குள் நேராக வைப்பதை அவசரமில்லாமல் நின்று பார்க்கலாம். முகாமுக்குக் காலையும் மாலையும் குறிப்பிட்ட நேரத்தில்தான் பார்வையாளர்களை விடுவார்கள். அதைச் சரியாகப் பிடிக்க, பக்கத்தில் தங்குபவர்களால்தான் முடிகிறது.

மசினகுடி: தனியார் விடுதிகள் அதிகம் இருப்பது இந்தப் பக்கம்தான். மசினகுடி பஜார், பொக்காபுரம், மாவனல்லா, வாழைத்தோட்டம் எல்லாம் ஒரே பெயரில் விளம்பரமாகும், ஆனால் இடம் வேறு வேறு. பஜாருக்குள் தங்கினால் சாப்பாடு, மருந்துக் கடை, பஸ் எல்லாம் கைக்கெட்டும் தூரத்தில். பொக்காபுரம் மலையடிவாரத்தில் அழகான இடம். ஆனால் கடைசி இரண்டு மூன்று கிலோமீட்டர் மண் சாலையாக இருக்கலாம். தாழ்வான கார் என்றால் அடிப்பாகம் தட்டும். "என் கார் வாசல் வரை வருமா, இல்லை பஜாரில் நிறுத்தி உங்கள் ஜீப்பில் வர வேண்டுமா" என்று நேராகக் கேளுங்கள். பொக்காபுரம் மாரியம்மன் திருவிழா பிப்ரவரி, மார்ச் வாக்கில் வரும். அந்த நாட்களில் சாலை முழுக்கக் கூட்டம் இருக்கும். அமைதி தேடி வருபவர்கள் தேதியை மாற்றிக்கொள்வது நல்லது.

கூடலூர்: செலவு குறைவாக, பஸ்ஸில் வருபவர்களுக்கும் வயதானவர்களோடு வருபவர்களுக்கும் ஏற்றது. ஆஸ்பத்திரி, பஸ் நிலையம், ஓட்டல்கள் எல்லாம் இருக்கின்றன. ஒரு குறை மழை. தென்மேற்குப் பருவமழை ஜூன் முதல் ஆகஸ்ட் வரை கூடலூரில் கொட்டித் தீர்க்கும். அதே நாளில் மழை மறைவில் இருக்கும் மசினகுடியில் தூறலோடு நின்றுவிடும்.

பந்திப்பூர்: காடு ஒன்றாகத் தொடர்ந்தாலும் மாநிலம் வேறு, சஃபாரிச் சீட்டு வேறு. பந்திப்பூர் சஃபாரிக்குப் போகிறவர்கள் மட்டும் அங்கே தங்குங்கள். அங்கே தங்கி தெப்பக்காட்டுக்கு வந்தால் இரு மாநிலச் சாவடிகளிலும் நிற்க வேண்டும்.

படி 3: சாலை நேரத்தை எழுதி வையுங்கள்

பந்திப்பூர் வழியாக வரும் சாலை இரவு 9 மணி முதல் காலை 6 மணி வரை மூடியிருக்கும். கர்நாடகப் பக்கம் இந்தத் தடை 2009இலிருந்து இருக்கிறது. மைசூரிலிருந்து வருபவர்கள் மாலை 5 மணிக்குள் குண்டல்பேட்டையைத் தாண்டிவிட வேண்டும். ஒன்பது வரை நேரம் இருக்கிறதே என்று ஏழரைக்குத் தாண்டினால், சாலையில் யானை நின்றாலே கணக்கு தப்பிவிடும். யானைக்கு ஹாரன் அடித்து வழி கேட்கக் கூடாது, அது போகும்வரை காத்திருக்கத்தான் வேண்டும்.

முதுமலை நீலகிரி மாவட்டத்தில் இருப்பதால் இ-பாஸ் தேவை. 2024 மே 7 முதல் இது நடைமுறையில் இருக்கிறது. அறை உறுதியான அன்றே எடுத்துவிடுங்கள், ஏனென்றால் கோடை சீசனில் ஒரு நாளைக்கு இத்தனை வண்டி என்று கட்டுப்பாடு வைக்கிறார்கள். பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டிலும் மாவட்டத்துக்குள் தடை. ஆளுக்கு ஒரு ஸ்டீல் பாட்டில் வைத்துக்கொள்ளுங்கள்.

படி 4: விடுதி சட்டப்படி இயங்குகிறதா என்று பாருங்கள்

இதைத் தயவுசெய்து தாண்டிப் போகாதீர்கள். மசினகுடி இருக்கும் சீகூர் பீடபூமி, மேற்குத் தொடர்ச்சி மலையையும் கிழக்குத் தொடர்ச்சி மலையையும் இணைக்கும் யானை வழித்தடம். அந்த வழியை மறித்துக் கட்டிய பல விடுதிகளுக்கு 2018இல் உச்ச நீதிமன்ற உத்தரவின்படி சீல் வைத்தார்கள். வழித்தடத்தைக் காக்கும் உத்தரவை 2020 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது. 2021 ஜனவரியில், உரிமம் இல்லாத ஒரு விடுதியிலிருந்து எரியும் டயரை வீசியதில் தீக்காயம் பட்ட ஒரு காட்டு யானை இறந்துபோனது. நாம் கட்டும் வாடகைப் பணம்தான் இப்படிப்பட்ட இடங்களை நடத்துகிறது.

போனில் கேட்க வேண்டியவை: உள்ளாட்சி உரிமம் இருக்கிறதா, விடுதியின் பெயரில் ஜி.எஸ்.டி. பில் தருவீர்களா, பணம் கட்டும் கணக்கு விடுதியின் பெயரில் இருக்கிறதா? தனிநபரின் எண்ணுக்கு மட்டும் முழுப் பணத்தையும் அனுப்பச் சொன்னால் வேறு இடம் பாருங்கள்.

"நைட் சஃபாரி உண்டு" என்று யாராவது சொன்னால் அங்கேயே பேச்சை முடித்துக்கொள்ளுங்கள். இரவில் காட்டுக்குள் ஜீப் ஓட்டுவது சட்டவிரோதம், பிடிபட்டால் ஏறியவர்களுக்கும் சிக்கல். பகலிலும் காப்பகத்துக்குள் போவது வனத்துறை ஏற்பாட்டில்தான். விடுதி ஜீப் பெரும்பாலும் பொதுச் சாலையில்தான் சுற்றும். கேம்ப் ஃபயர், பாட்டுக் கச்சேரி, வாசலில் விலங்குக்குத் தீனி போட்டு வரவழைப்பது, இவையெல்லாம் தவிர்க்க வேண்டிய இடத்தின் அடையாளங்கள். பிப்ரவரியிலிருந்து ஏப்ரல் வரை உண்ணிச்செடிப் புதர் காய்ந்து கிடக்கும், ஒரு பொறி போதும்.

படி 5: பணம் கட்டும் முன் கடைசியாக ஒரு கேள்வி

காட்டுத்தீ அபாயம் கூடும் கோடையில் சஃபாரியைத் திடீரென்று நிறுத்திவிடுவார்கள். அப்படி நடந்தால் அறைப் பணம் திரும்புமா, தேதி மாற்றலாமா என்பதை வாட்ஸ்அப்பில் எழுத்தாக வாங்கிக்கொள்ளுங்கள். இரண்டு இரவு போடுவது நல்லது. முதல் நாள் மாலைச் சஃபாரியில் சீட்டு கிடைக்காவிட்டாலும், அடுத்த நாள் காலை, மாலை இரண்டு வாய்ப்பு மிச்சம் இருக்கும். முதல் நாள் அறைக்குப் போகும் வழியிலேயே தெப்பக்காடு வரவேற்பு மையத்தில் வண்டியை நிறுத்தி, மறுநாள் சீட்டு எத்தனை மணிக்குத் தருகிறார்கள் என்று கேட்டுவிட்டுப் போங்கள்.