பிளஸ் ஒன் சேர்க்கைக்கு முன்: பக்கத்து அரசுப் பள்ளிகளை ஒப்பிடுவது எப்படி?

ரிசல்ட் வந்த மறுநாள் பள்ளி வாசலில் பிளெக்ஸ் ஏறிவிடும்: "100 சதவீதத் தேர்ச்சி". பெரும்பாலான வீடுகளில் அந்தப் பிளெக்ஸைப் பார்த்துத்தான் முடிவெடுக்கிறார்கள். பிள்ளை எடுக்கப்போகும் குரூப்புக்கு அங்கே ஆசிரியர் இருக்கிறாரா என்பதை அது சொல்லாது. அதை நாம்தான் விசாரிக்க வேண்டும். மே மாதம் வரை காத்திருக்காமல் பிள்ளை பத்தாம் வகுப்பில் இருக்கும்போதே, ஜனவரியில் ஆரம்பித்துவிடுங்கள். கோடை விடுமுறையில் பூட்டிய கட்டடத்தைத்தான் பார்க்க முடியும்.

படி 1: பட்டியல் போடுங்கள்

பஸ்ஸில் ஒரு மணி நேரத்துக்குள் போகக்கூடிய பள்ளிகள் நான்கைந்து போதும். உயர்நிலைப் பள்ளி பத்தாம் வகுப்போடு நின்றுவிடும். மேல்நிலைப் பள்ளிகளை மட்டும் எழுதுங்கள்.

ஒவ்வொரு பெயருக்கும் பக்கத்தில் அது அரசுப் பள்ளியா, அரசு உதவி பெறும் பள்ளியா என்று குறியுங்கள். ஊரில் இரண்டையும் "கவர்மென்ட் ஸ்கூல்" என்றுதான் சொல்வார்கள். ஆனால் மருத்துவம், பொறியியல் போன்ற தொழிற்படிப்புகளில் உள்ள 7.5 சதவீத உள்ஒதுக்கீடு ஆறாம் வகுப்பிலிருந்து பிளஸ் டூ வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கானது. மாநகராட்சிப் பள்ளியும் ஆதிதிராவிடர் நலப் பள்ளியும் அதில் சேரும், உதவி பெறும் பள்ளி சேராது. பத்து வரை அரசுப் பள்ளியில் படித்த பிள்ளையை பிளஸ் ஒன்னுக்கு உதவி பெறும் பள்ளிக்கு மாற்றினால், அந்த வாய்ப்பு அன்றோடு போய்விடும். சந்தேகமிருந்தால் பள்ளியின் யுடைஸ் எண்ணை (நாட்டில் ஒவ்வொரு பள்ளிக்கும் தரப்படும் தனி அடையாள எண்) கேட்டு வாங்குங்கள். 11 இலக்கம், தமிழ்நாட்டுக்கு 33 என்று தொடங்கும். யுடைஸ் பிளஸ் தளத்தில் அந்த எண்ணைப் போட்டால் நிர்வாக வகை தெரியும். ஒரே பெயரில் பல பள்ளிகள் இருப்பதால் பெயரை வைத்துத் தேடாதீர்கள்.

படி 2: குரூப்பும் ஆசிரியரும்

இதற்குத்தான் அதிக நேரம் ஒதுக்க வேண்டும். "பயாலஜி குரூப் இருக்கா?" என்று கேட்டால் எல்லாப் பள்ளியிலும் "இருக்கு" என்றுதான் பதில் வரும். கேள்வியை மாற்றுங்கள்: "பிளஸ் ஒன் இயற்பியல் யார் எடுக்கிறாங்க? பி.ஜி. (முதுநிலை) ஆசிரியரா, பி.டி.ஏ. (பெற்றோர் ஆசிரியர் கழகம்) மூலமா போட்டவரா? இங்கே வந்து எத்தனை வருஷம் ஆச்சு?" குரூப்பின் நான்கு முதன்மைப் பாடங்களுக்கும் தனித்தனியாகக் கேட்டு எழுதுங்கள்.

பி.டி.ஏ. ஆசிரியர் என்றாலே குறை என்று நினைக்க வேண்டாம். நன்றாக நடத்துபவர்கள் நிறையப் பேர். சிக்கல் என்னவென்றால் அது தற்காலிக வேலை, நடுவில் வேறு வேலை கிடைத்தால் போய்விடுவார். நிரந்தர ஆசிரியரும் இடமாறுதல் கலந்தாய்வில் மாறிப் போகலாம். அந்த இடம் உடனே நிரம்பும் என்று சொல்ல முடியாது.

பள்ளியில் சொல்லத் தயங்கினால் தகவல் அறியும் உரிமைச் சட்டம், 2005 இருக்கிறது. மாவட்ட முதன்மைக் கல்வி அலுவலகப் பொதுத் தகவல் அலுவலருக்கு, 10 ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி, "இன்னின்ன பள்ளிகளில் அனுமதிக்கப்பட்ட முதுநிலை ஆசிரியர் பணியிடங்கள், நிரம்பியவை, காலியானவை: பாடவாரியாக" என்று ஒரே வரியில் கேளுங்கள். 30 நாளில் பதில் வர வேண்டும்.

படி 3: தேர்ச்சி சதவீதத்தைப் பிரித்துப் பாருங்கள்

இரண்டு எண்களைக் கேளுங்கள்: முந்தைய ஆண்டு ஒன்பதாம் வகுப்பில் எத்தனை பேர், இந்த ஆண்டு பத்தாம் வகுப்புத் தேர்வு எழுதியவர் எத்தனை பேர். ஒரு கணக்கு: ஒன்பதில் 128 பேர், தேர்வு எழுதியது 104, தேர்ச்சி 101. பிளெக்ஸில் 97 சதவீதம் என்று வரும். 128-க்குக் கணக்குப் போட்டால் 79 தான். அந்த 24 பேரில் சிலர் ஊர் மாறியிருக்கலாம். ஆனால் வருஷா வருஷம் இப்படிக் குறைந்தால், சுமாராகப் படிப்பவர்களை டி.சி. கொடுத்து அனுப்புகிறார்களா என்று அந்தத் தெருப் பெற்றோரிடமே விசாரியுங்கள்.

பிளஸ் டூவில் "பாஸ்" என்பதற்கும் அடியில் ஒரு கணக்கு உண்டு. இயற்பியலில் எழுத்துத் தேர்வு 70, செய்முறை 20, அகமதிப்பீடு 10. எழுத்துத் தேர்வில் 15 எடுத்து, மொத்தம் 35 வந்தால் தேர்ச்சி. செய்முறையும் அகமதிப்பீடும் முழுசாக 30 கிடைத்தவர், எழுத்தில் வெறும் 15 எடுத்தே 45 மார்க்கோடு நிற்பார். எனவே "எத்தனை பேர் பாஸ்?" என்பதை விட்டுவிட்டு, "கணிதத்தில், இயற்பியலில் 80-க்கு மேல் எத்தனை பேர்?" என்று கேளுங்கள். பொறியியல் கட் ஆஃப் கணிதம் 100, இயற்பியல் 50, வேதியியல் 50 என்று 200-க்குப் போடப்படுவது. அங்கே பாஸ் மார்க் உதவாது. சென்டம் எடுத்த ஒருவரின் படத்தையும் பெரிதாக எடுத்துக்கொள்ள வேண்டாம், அந்தப் பிள்ளை எங்கே படித்திருந்தாலும் எடுத்திருக்கும்.

படி 4: நேரில் போங்கள்

அனுமதி கேட்டு, வேலை நாளில், இடைவேளை நேரத்தில் போங்கள். முதலில் கழிப்பறை: குழாயைத் திறந்தால் தண்ணீர் வருகிறதா, தாழ்ப்பாள் விழுகிறதா. பெண் பிள்ளை என்றால் அம்மாவோ அக்காவோ போய்ப் பார்ப்பது நல்லது.

அடுத்து வேதியியல் ஆய்வகம். பியூரெட்டின் (திரவத்தை அளந்து விடும் கண்ணாடிக் குழாய்) திருகைத் திருப்பிப் பாருங்கள். இறுகிக் கிடந்தால் அது பல மாதமாகப் புழக்கத்தில் இல்லை. மேசையில் பழைய அமிலக் கறை இருப்பது நல்ல அடையாளம். பளபளவென்று இருக்கும் ஆய்வகம்தான் யோசிக்க வைக்க வேண்டும். ஒரு பிளஸ் டூ மாணவரின் ரெக்கார்ட் நோட்டையும் வாங்கிப் புரட்டுங்கள். தேதிகள் வாரா வாரம் நகர்ந்தால் சரி. எல்லாச் சோதனையும் ஜனவரிக் கடைசியில் என்றால் தேர்வுக்காக எழுதியது.

படி 5: பஸ்

காலை பஸ்ஸை எல்லோரும் பார்ப்பார்கள். சிறப்பு வகுப்பு எத்தனை மணிக்கு முடிகிறது, அதற்குப் பிறகு ஊருக்கு எத்தனை பஸ் என்று பாருங்கள். ஒன்றே ஒன்று என்றால், அது வராத நாளில் பிள்ளை எப்படித் திரும்பும் என்பதற்கும் வழி வைத்திருக்க வேண்டும்.

முடிவெடுக்கும்போது

ஒவ்வொன்றுக்கும் மார்க் போட்டுக் கூட்டாதீர்கள். பெரிய மைதானத்துக்குக் கிடைத்த பத்து மார்க், இல்லாத இயற்பியல் ஆசிரியரை ஈடுகட்டிவிட்டதாகக் காட்டும். கழித்துக்கொண்டே வாருங்கள்: வேண்டிய குரூப் இல்லாதது, முதன்மைப் பாடத்தில் ஆசிரியர் இல்லாதது, மாலை பஸ் இல்லாதது. மிஞ்சும் இரண்டில் பிள்ளைக்குப் பிடித்ததை எடுங்கள்.

பயிற்று மொழியை அவசரத்தில் மாற்ற வேண்டாம். பட்டப்படிப்பைத் தகுதியாகக் கேட்கும் அரசுப் பணிகளில், தமிழ்வழியில் படித்தோருக்கான 20 சதவீத ஒதுக்கீட்டுக்கு ஒன்றாம் வகுப்பிலிருந்தே தமிழ்வழி வேண்டும். பிளஸ் ஒன்னில் ஆங்கில வழிக்குப் போனால் அது கைவிட்டுப் போகும். பழைய பள்ளியில் டி.சி. வாங்குவதற்கு முன், புதிய பள்ளியில் கேட்ட குரூப்பில் இடம் உறுதி என்று கேட்டுக்கொள்ளுங்கள்.