மரப் பேனையில் நகம் தட்டுகிற இடம்

போன மார்கழியில் மச்சானுக்கு ஒரு பேனை கடைந்து கொடுத்தேன். முதிரைக் கட்டை, ஸ்லிம்லைன் கிட் (மெல்லிய பேனைக்கான பித்தளைக் குழாயும் உலோகப் பாகங்களும் சேர்ந்த தொகுதி). முனைக்கூம்பும் மரமும் சேருகிற இடத்தில் நகத்தை ஓட்டினால் எதிலும் தட்டாமல் வழுக்கிக்கொண்டு போனது. எனக்கே கொஞ்சம் தலைக்கனம்தான். ஆனி மாதம் தொலைபேசியில் வந்தான். "மச்சான், பேனை வெடிச்சிட்டு. மறுகா ஒண்டு செஞ்சி தாறியா?"

வாங்கிப் பார்த்தேன். நீளவாக்கில் தலைமயிர் போல ஒரு கோடு. முனையில் மரம் உள்வாங்கி, உலோக விளிம்பு துருத்திக்கொண்டு நின்றது.

பொருத்தம் கெட்டால் நாம் முதலில் உளியைத்தான் சந்தேகப்படுவோம். இந்தப் பேனையில் உளி ஒரு பாவமும் செய்யவில்லை. மரக்காலையில் பொறுக்கிய துண்டை மாரி நடுவில் கடைந்ததுதான் பிழை. மழைக்காலத்தில் எங்கள் பக்கம் மரம் ஈரத்தைக் குடித்து ஊதி நிற்கும். வைகாசி, ஆனியில் மேற்கேயிருந்து கச்சான் அடிக்கத் தொடங்கினால் (கொறிக்கிற கச்சான் இல்லை, காற்று) உதடே வெடிக்கும், மரம் என்ன செய்யும்? சுருங்குகிறது. உள்ளே ஒட்டியிருக்கும் பித்தளைக் குழாய் சுருங்காது. ஸ்லிம்லைன் பேனையின் முனையில் குழாய்க்கு மேலே இருக்கும் மரத்தின் தடிப்பு ஒரு மில்லிமீற்றர்கூட இல்லை. அவ்வளவு மெல்லிய மரம் இழுபட்டால் வெடிக்காமல் என்ன செய்யும்?

இப்போது பத்துக் கட்டையை ஒன்றாக இறப்பர் வளையம் போட்டுக் கட்டி, சமையலறைத் தராசில் நிறுத்து, திகதியும் எடையும் கட்டையிலேயே எழுதிவைக்கிறேன். ஒற்றைக் கட்டையை நிறுத்தால் அந்தத் தராசுக்கு வித்தியாசம் தெரியாது. கிழமைக்கொரு தடவை பார்த்து, எடை இறங்காமல் நின்ற பிறகுதான் குழாய்க்குத் துளை. அதையும் முடிந்தால் கச்சான் காலத்தில்.

சரி, மரம் காய்ந்துவிட்டது. அடுத்த பிழை துளையில். துளைக்கும் அலகில் 7 மில்லிமீற்றர் என்று எழுதியிருந்தால் துளையும் 7 என்று நம்பிவிடக்கூடாது. மழுங்கிய அலகும், அதைப் பிடித்திருக்கும் சக் ஆடுவதும் துளையைப் பெரிதாக்கும், அதற்குள் குழாய் லொடலொடவென்று ஆடும். கழிவுத் துண்டில் ஒரு துளை போட்டு, குழாயை நுழைத்துப் பார்த்துவிட்டு நல்ல மரத்துக்குப் போங்கள். கையால் தள்ளினால் உள்ளே போகவேண்டும், கவிழ்த்தால் தானாக விழக்கூடாது. முதிரை, கருங்காலி போன்ற வைர மரங்களில் ஒரே மூச்சாக அழுத்தித் துளைத்தால் தூள் அடைத்துச் சூடேறும், அந்தச் சூட்டிலேயே உள்ளுக்குள் வெடிப்பு விழும். கொஞ்சம் போய், வெளியே இழுத்து, தூளைத் தட்டிவிட்டு மறுபடியும் போகவேண்டும். கட்டையை நீளமாக வைத்து, அலகு மறுபக்கம் வெளியே வருமுன் நிறுத்தி, மிச்சத்தை வாளால் அறுத்துவிட்டால் வாய் சிதறாது.

ஒட்டுவதில் நான் அதிகம் இழந்தது சுப்பர் குளூவால். குழாய் பாதி வழியில் நின்றுவிட்டால் அதோடு முடிந்தது. சுத்தியலால் தட்டிப் பார்ப்போம், குழாய் நசியும், கட்டை குப்பைக்குப் போகும். இரண்டு பாகமாகக் கலக்கும் எப்பொக்சி நிதானம் தரும். குழாயின் பளபளப்பை மண்கடதாசியால் போக்கிவிட்டு, உள்ளே விடும்போது சுழற்றிச் சுழற்றி விடுங்கள், பசை எல்லா இடமும் பரவும். அதற்கு முன்னே குழாயின் வாயை உருளைக்கிழங்குச் சீவலில் ஒருமுறை குத்தி அடைத்துவிட்டால் பசை உள்ளே ஏறாது. பசை காய்ந்ததும் கிழங்கைத் தள்ளிவிடலாம். சிரிப்பாகத்தான் இருக்கும், ஆனால் அடுத்த வேலை முழுவதும் இந்தக் கிழங்கில்தான் நிற்கிறது.

அடுத்த வேலை, முனையைச் சீவுவது. கட்டையின் இரு முனைகளும் குழாய்க்கு நேர் செங்குத்தாக இருக்கவேண்டும். அதற்கென்று உள்ள கட்டரின் தண்டு குழாய்க்குள் நுழைந்து வழிகாட்டும், அதன் பற்கள் முனையைச் சீவும். குழாய்க்குள் ஒரு துளி பசை காய்ந்திருந்தாலும் தண்டு அதில் ஏறிச் சரியும், முனையும் சரிவாகவே சீவப்படும். கண்ணுக்குத் தெரியாது. புஷ்ஷை (கடையவேண்டிய அளவைக் காட்ட முனையில் வைக்கும் உலோக வளையம்) வைத்து வெளிச்சத்துக்கு நேரே பிடித்தால் ஒரு பக்கம் மட்டும் மெல்லிய ஒளிக்கீற்று தெரியும். அதைச் சட்டை பண்ணாமல் கடைந்துவிட்டுக் கடைசியில் நடுவளையத்தில் இடைவெளி என்று புலம்பியவர்களில் நானும் ஒருவன். முதலில் குழாயின் உட்புறத்தைச் சுரண்டுங்கள், பிறகு சீவுங்கள். பித்தளை வட்டமாகப் பளிச்சென்று தெரிந்த உடனே நிறுத்தவேண்டும். அதற்கு மேல் சீவினால் குழாயே குட்டையாகிவிடும். பனஞ்சிலாகைத் துண்டில் பேனை செய்ய ஆசைப்படுகிறவர்கள் சீவுமுன் முனைக்குத் தண்ணிபோல ஓடுகிற சுப்பர் குளூ இரண்டு துளி விடுங்கள், இல்லாவிட்டால் கறுத்த நார்கள் கொத்தோடு பிடுங்கிக்கொண்டு வரும்.

கடைச்சல் இயந்திரத்தில் ஏற்றும்போது மாண்ட்ரலின் (கட்டையையும் புஷ்ஷையும் கோர்த்துப் பிடிக்கும் கம்பி) நட்டை முறுக்கித் தள்ளாதீர்கள். இயந்திரத்தின் பின்முனையையும் அளவோடு அழுத்தினால் போதும். கூடினால் கம்பி வில்லாக வளையும், பேனை முட்டை வடிவில் வரும். ஒரு பக்கம் மரம் மேடாகவும் எதிர்ப்பக்கம் உலோகம் மேடாகவும் நகத்தில் தட்டினால் காரணம் பெரும்பாலும் இதுதான்.

புஷ்ஷை வேதவாக்காக எடுப்பது இன்னொரு பிழை. ஒவ்வொரு பேனைக்கும் மண்கடதாசி அதன்மேலும் உரசுகிறது, போகப்போக அது மெலிந்துவிடும். நான் இணையத்தில் வாங்கிய ஒரு கிட்டில் புதுப் புஷ்ஷே முனைக்கூம்பைவிடச் சிறிதாக இருந்தது. உயர்தரத்தில் பௌதிகவியல் படித்தவர்கள் வேணியர் இடுக்கிமானியை மறந்திருக்க மாட்டார்கள். அதால் கிட்டின் உலோகப் பாகத்தையே அளந்து, அந்த அளவுக்குக் கடையுங்கள். மேலே சுப்பர் குளூப் பூச்சுப் போடப் போகிறீர்கள் என்றால் பூச்சின் தடிப்புக்கு மரத்தைக் கொஞ்சம் உள்ளே விடவேண்டும். பூச்சு புஷ்ஷோடும் ஒட்டிக்கொள்ளும். கழற்றுமுன் அந்த மூட்டில் கத்தி முனையால் சுற்றிவர ஒரு கீறல் போடுங்கள், இல்லையென்றால் விளிம்பு உடைந்து வரும்.

உரசும்போது கையை வைத்துப் பாருங்கள். சுட்டால் நிறுத்துங்கள். கருங்காலி இதில் பெரிய கோபக்காரன்.

பாகங்களை அழுத்திப் பூட்டச் சுத்தியல் வேண்டாம். மேசை இடுக்கியின் இரு வாய்க்கும் மரத்துண்டு வைத்து, நேராக, மெதுவாக அழுத்துங்கள். திருகும் பாகத்தை ஒரேயடியாக அமுக்காமல் கொஞ்சம் அமுக்கி, றீபிலைப் போட்டு, திருகிப் பார்த்து, மறுபடி அமுக்குங்கள். ஆழமாகப் போய்விட்டால் றீபிலின் முனை உள்ளே மடங்காது, சட்டைப்பையில் நீலப் பொட்டு வைக்கும். திரும்ப இழுத்தெடுக்கும்போது மரம் பிளப்பதும் உண்டு.

மச்சானின் இரண்டாவது பேனைக்கான கட்டு அலுமாரிக்கு மேலே கிடக்கிறது. இந்தக் கிழமையும் 3 கிராம் இறங்கியிருக்கிறது. அவனோ இரண்டு தடவை கேட்டுவிட்டான்.