விண்வெளிக் கதிர்வீச்சின் ஆரம்பகால அச்சங்கள்: எழுதும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஆய்வகத்தில் கைகர் எண்ணியை, அதாவது கதிர்வீச்சுத் துகள்களை எண்ணும் கருவியை, கையாளக் கற்றுக்கொடுப்பது பல ஆண்டுகளாக என் பணி. மனிதன் விண்ணுக்குப் போவதற்கு முன் கதிர்வீச்சைப் பற்றி விஞ்ஞானிகள் எதற்காகக் கவலைப்பட்டார்கள் என்று ஆண்டுதோறும் மாணவர்களை ஒரு கட்டுரை எழுதச் சொல்வேன். வரும் பிழைகளில் பாதி நானே ஒரு காலத்தில் செய்தவை. பெயரிலும் தேதியிலும் நேரும் சறுக்கல்களை இங்கே விட்டுவிடுகிறேன். அவற்றை எவரும் திருத்திக்கொள்ளலாம்.

அச்சம் 1958இல் பிறந்தது என்று தொடங்குவது

பூமியைச் சூழ்ந்த கதிர்வீச்சுப் பட்டைகள் தெரியவந்தது 1958இல்தான். ஆனால் உயரே போகப் போகக் கதிர்வீச்சு கூடுகிறது என்பதை விக்டர் ஹெஸ் 1912இலேயே பலூனில் ஏறி அளந்துவிட்டார். விண்வெளியிலிருந்து வரும் காஸ்மிக் கதிர்களில் கனமான அணுக்கருக்களும் உண்டு என்பது 1948இல் தெரிந்தபோது கவலையின் தன்மையே மாறியது. அத்தகைய ஒரே ஒரு அணுக்கரு திசுவைத் துளைத்துச் சென்றால், அதன் தடத்தில் உள்ள செல்கள் அடர்த்தியாகச் சேதமடையும். உடல் முழுவதற்கும் சராசரி போட்டால் அந்தச் சேதம் கணக்கிலேயே தெரியாது. பலூனில் அனுப்பப்பட்ட கறுப்பு எலிகளின் உடலில் நரைமயிர் தோன்றியதை இந்தப் பின்னணியில்தான் பார்த்தார்கள். 1957 ஆகஸ்டில் டேவிட் சைமன்ஸ் என்ற அமெரிக்க விமானப்படை மருத்துவர், அணுக்கருத் தடங்களைப் பதியும் தகடுகளைத் தம் உடலில் ஒட்டிக்கொண்டு, பலூனில் சுமார் 30 கி.மீ. உயரத்துக்குச் சென்று வந்தார்.

பூஜ்யத்தை "இல்லை" என்று படிப்பது

என்னை இன்றும் எரிச்சலூட்டும் தவறு இதுதான். 1958 ஜனவரி 31 அன்று ஏவப்பட்ட எக்ஸ்ப்ளோரர் 1, பூமியிலிருந்து சுமார் 2,500 கி.மீ. வரை உயர்ந்து சுற்றியது. அதில் ஜேம்ஸ் வான் ஆலன் குழுவினரின் கைகர் எண்ணி ஒன்று இருந்தது. தாழ்வான இடங்களில் எதிர்பார்த்த அளவைக் காட்டிய அந்தக் கருவி, மிக உயர்ந்த இடங்களில் பூஜ்யம் காட்டியது. இந்த இடத்துக்கு வந்ததும் மாணவர்களில் ஒரு சாரார் "அங்கே கதிர்வீச்சு இல்லை" என்றும், மறு சாரார் "கருவி பழுதாகிவிட்டது" என்றும் எழுதிவிட்டு அடுத்த பத்திக்குத் தாவிவிடுகிறார்கள்.

கைகர் குழாய் ஒவ்வொரு துகளைப் பதிந்த பிறகும் ஒரு கணம் செயலற்றுக் கிடந்து மீளும். துகள்கள் மழைபோலக் கொட்டினால் மீள்வதற்கே நேரமிருக்காது. துடிப்புகள் சிறுத்துப்போய், எண்ணும் மின்சுற்று அவற்றைக் கண்டுகொள்ளாது. மார்ச் 26 அன்று போன எக்ஸ்ப்ளோரர் 3இல் நாடாப்பதிவுக் கருவி இருந்ததால், எண்ணிக்கை கிடுகிடுவென ஏறி, திடீரெனப் பூஜ்யமாகி, பின்பு மீண்டும் எழும் காட்சி முழுதாகக் கிடைத்தது. குழுவைச் சேர்ந்த கார்ல் மெக்கில்வெய்ன் அதே வகைக் குழாயை எக்ஸ்-கதிர் இயந்திரத்தின் முன் வைத்து, கதிர்வீச்சு மிகுந்தால் பூஜ்யம் வரும் என்று காட்டினார். பூமியைச் சுற்றிக் கதிர்வீச்சு மிகுந்த பகுதி இருக்கிறது என்ற முடிவை மே 1 அன்று வாஷிங்டனில் வான் ஆலன் அறிவித்தார். வான் ஆலன் பட்டைகள் என்று பின்னர் பெயர் பெற்றவை இவைதான்.

இதை நான் புத்தகத்தில் படித்திருந்தேன், படித்தது கைகொடுக்கவில்லை. ஆராய்ச்சி மாணவனாக இருந்தபோது, எக்ஸ்-கதிர்க் கருவி ஒன்றின் உறையில் கசிவு இருக்கிறதா என்று பார்க்க என்னை அனுப்பினார்கள். மூலைகளில் மெல்ல டிக் டிக் என்று ஒலித்த எண்ணி, ஓர் இடுக்கின் எதிரே மௌனமாகிவிட்டது. மூலைகளைச் சந்தேகித்த நான், அந்த இடுக்குக்கு நேராகப் "பாதுகாப்பானது" என்று பேரேட்டில் எழுதிக் கையெழுத்தும் போட்டேன். மூத்தவர் ஒருவர் அயனிக் கூடத்தால் (கதிர்வீச்சு மிகுந்தாலும் திணறாத அளவுகருவி) அளந்து பார்த்துத் திட்டும்வரை இரண்டு வாரங்கள், ஆட்கள் அந்த இடுக்கின் அருகேதான் நின்று வேலை செய்தார்கள். ஆகவே பூஜ்யம் வந்தால் முதலில் அதைச் சுற்றியுள்ள அளவீடுகளைப் பாருங்கள்: எண்ணிக்கை படிப்படியாகக் குறைந்து பூஜ்யத்தை அடைந்ததா, உச்சிக்கு ஏறி விழுந்ததா? வான் ஆலன் குழுவினரும் அந்த ஜூலையில் எக்ஸ்ப்ளோரர் 4ஐ அனுப்பியபோது, திணறாத வகையில் ஈயக் கவசமிட்ட எண்ணியையும் சேர்த்தே அனுப்பினார்கள்.

வீதத்தை மொத்த அளவாக எழுதுவது

வான் ஆலன் பட்டைகளின் கதிர்வீச்சைப் பற்றிய முதல் மதிப்பீடுகள் "மணிக்கு இவ்வளவு" என்றே வந்தன. "மணிக்கு" என்ற சொல்லை விட்டுவிட்டால், அவற்றைக் கடப்பவர் எவரும் பிழைக்க முடியாது என்று கட்டுரை தானாகவே முடிவு கட்டிவிடும். அப்போலோ கலங்கள் பட்டைகளைச் சில மணி நேரத்தில், அடர்ந்த பகுதியை ஒதுக்கிக் கடந்தன. பயணங்களிலேயே அதிகமாகப் பதிவான அப்போலோ 14இல்கூட, தோலில் பட்ட சராசரி அளவு 1.14 ராட் (உள்வாங்கப்பட்ட கதிர்வீச்சின் அலகு) மட்டுமே.

அலகுகளைக் கலப்பது

ராண்ட்ஜன் காற்றுக்கு: அதில் கதிர்வீச்சு உண்டாக்கும் அயனிகளை அளக்கும் அலகு. சீவர்ட் உடலுக்கு: அதற்கு நேரக்கூடிய பாதிப்பை அளக்கும் அலகு. ஒன்றின் இடத்தில் மற்றதை எழுதாதீர்கள்.

எல்லாவற்றையும் இயற்கையின் தலையில் கட்டுவது

1962 ஜூலை 9 அன்று பசிபிக் கடலுக்கு மேல் சுமார் 400 கி.மீ. உயரத்தில் அமெரிக்கா வெடித்த 1.4 மெகாடன் அணுகுண்டு, செயற்கையாக ஒரு பட்டையையே உண்டாக்கிச் செயற்கைக்கோள்களைக் கெடுத்தது. அக்டோபரில் வால்டர் ஷிரா என்ற அமெரிக்க விண்வெளி வீரர் விண்ணுக்குப் புறப்பட்டபோது கவலை இதைப் பற்றியும்தான்.

சூரியனை மறப்பது

1972 ஆகஸ்டில் பெரும் சூரியப் புயல் ஒன்று வீசியது. அப்போலோ 16 ஏப்ரலில் திரும்பியிருந்தது. அப்போலோ 17 கிளம்பியது டிசம்பரில்தான். இரண்டுக்கும் நடுவில் புயல் வந்ததால் அப்போலோ வீரர்கள் எவரும் அதில் சிக்கவில்லை.