ஒற்றைச் சில்லு வண்டி: மட்டக்களப்பு வீதிகளிலும் வயற்பாதைகளிலும் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சாதாரண சைக்கிளில் பெடலை மிதிப்பதை நிறுத்தினாலும் பின்சில்லில் உள்ள ஃப்ரீவீலின் உதவியால் வண்டி தானாக உருண்டுகொண்டிருக்கும். ஒற்றைச் சில்லு வண்டியில் அந்த வசதி இல்லை. பெடல்களைத் தாங்கும் தண்டுகளான கிராங்குகள் சில்லின் அச்சிலேயே நேராகப் பூட்டப்பட்டிருப்பதால், சில்லு சுழலும் வரைக்கும் கால்களும் சுழன்றாக வேண்டும். கால்கள் நின்றால் சில்லும் அந்த இடத்திலேயே நின்றுவிடும். கல்லடியிலிருந்து பாலத்தைக் கடந்து நகருக்குள் இருக்கும் அலுவலகத்துக்குச் சில ஆண்டுகளாக இந்த வண்டியில் போய்வருகிறேன். நான் செய்ததும் பிறர் செய்யக் கண்டதுமான தவறுகளில் பெரும்பாலானவை, சில்லுக்கும் காலுக்கும் இடையிலான இந்தப் பிணைப்பை மறந்து, சைக்கிள் ஓட்டிய பழக்கத்திலேயே எல்லாவற்றையும் முடிவு செய்வதால் வருபவை.

முதலாவது தவறு வண்டியைத் தெரிவு செய்யும்போதே நிகழ்கிறது. பழகுவதற்கு ஏற்றது 20 அங்குலச் சில்லு. பலரும் அதிலேயே பழகி, அதையே வேலைக்கும் கொண்டுபோகப் பார்க்கிறார்கள். அந்தச் சில்லு ஒரு சுற்றுக்கு ஏறத்தாழ 1.6 மீற்றர் மட்டுமே நகரும். 29 அங்குலச் சில்லு 2.3 மீற்றரும், 36 அங்குலச் சில்லு 2.9 மீற்றருக்குச் சற்றுக் குறைவாகவும் நகரும். மூன்று கிலோமீற்றர் தூரத்தைக் கடக்க 20 அங்குலச் சில்லை ஏறத்தாழ 1,900 தடவையும், 29 அங்குலச் சில்லை 1,300 தடவையும் சுற்ற வேண்டும் என்றால், இடையில் ஒரு கணமும் ஓய்வில்லாத கால்களுக்கு அந்த வேறுபாடு எவ்வளவு பெரியது என்பதைச் சொல்லத் தேவையில்லை. நிமிடத்துக்கு 100 சுற்று என்ற ஒரே வேகத்தில் மிதித்தாலும் முதலாவது மணிக்குப் பத்துக் கிலோமீற்றரைத் தொடாது; இரண்டாவது பதினான்கை எட்டும். பிரித்தானிய இளைஞரான எட் பிராட், 2015 முதல் 2018 வரை ஏறத்தாழ 33,000 கிலோமீற்றர் தூரம் உலகைச் சுற்றி வந்தது 36 அங்குலச் சில்லில்தான். அதைக் கேள்விப்பட்டு நேரடியாக 36 அங்குலத்துக்குத் தாவுவதும் தவறே. நம் ஊரின் சந்திகளிலும் சந்தை நெரிசலிலும் அடிக்கடி இறங்கி ஏற வேண்டியிருப்பதால், அந்த உயரத்துக்கு மீண்டும் மீண்டும் ஏறுவது பெரும் சிரமம். நாளாந்தப் பயணத்துக்கு 29 அங்குலமும், கிறவல் வீதிக்கும் வயற்பாதைக்கும் அகன்ற ரயர் போட்ட 24 அல்லது 26 அங்குலமும் போதும் என்பது என் முடிவு.

அடுத்த தவறைப் பொருத்தும்போது செய்கிறோம். அது கண்ணுக்குத் தெரியாது என்பதால்தான் அதைப் பற்றி விரிவாக எழுதுகிறேன். இடப்பக்கப் பெடலின் புரி, வழமைக்கு மாறாக இடஞ்சுழியாக இறுகுவது. மிதிக்கும்போது பெடல் கழன்றுவிடாமல் இருப்பதற்காகவே அவ்வாறு அமைத்திருக்கிறார்கள். சைக்கிளில் ஒரு பக்கம் சங்கிலி இருப்பதால் இடம் வலம் மாறிப்போக வழியில்லை. ஒற்றைச் சில்லின் இரு பக்கமும் ஒன்றுபோல் இருப்பதால், சில்லைப் பின்முன்னாகப் பூட்டிவிடுவது மிக எளிது. அப்படிப் பூட்டிய வண்டி ஓடத்தான் செய்யும். ஆனால் ஒவ்வொரு மிதியும் பெடலைச் சிறிது சிறிதாகத் தளர்த்தி, கடைசியில் கிராங்கின் புரியையே அரித்துவிடும். திருத்தகத்தில் ரயர் மாற்றக் கொடுத்த என் வண்டி ஒருமுறை இவ்வாறு திரும்பி வந்தது. நான் கவனிக்காமல் ஒரு வாரம் ஓட்டியதில் இடப்பக்கக் கிராங்கு முழுவதுமாகப் பாழானது. கிராங்கிலும் பெடலிலும் ‘எல்’, ‘ஆர்’ என்ற எழுத்துகள் பொறிக்கப்பட்டிருக்கும். இருக்கையின் முன்பக்கத்தை முன்னோக்கி வைத்து அமர்ந்தால் ‘எல்’ இடக்காலுக்கு வர வேண்டும். சில்லைக் கழற்றிப் பூட்டும் ஒவ்வொரு முறையும் இதைப் பார்ப்பதற்கு அரை நிமிடம்கூடத் தேவைப்படாது. ஓடும்போது கிராங்கில் ‘கிறீச்’ என்ற ஒலி கேட்டால் வீட்டுக்குப் போய்ப் பார்க்கலாம் என்று எண்ணாமல் அங்கேயே இறங்கி இறுக்க வேண்டும். தளர்ந்த கிராங்கோடு ஓட்டும் ஒவ்வொரு மீற்றரும் அதன் துளையை அகலப்படுத்துகிறது.

இருக்கையைத் தாழ்த்தி வைப்பது, அச்சத்தால் வரும் தவறு. நிலத்துக்கு அருகில் இருந்தால் பாதுகாப்பு என்று தோன்றும். ஆனால் முழங்கால் மடிந்த நிலையிலேயே மிதிக்கும்போது உடலின் பாரம் முழுவதும் தொடைகளில் விழுகிறது. இருநூறு மீற்றரில் தொடை எரியத் தொடங்கும். அமர்ந்தபடி, தாழ்ந்திருக்கும் பெடலில் குதிகாலை வைத்தால் முழங்கால் நேராக நீள வேண்டும். அதுவே சரியான உயரம். வயற்பாதைக்கு மட்டும் இரண்டு மூன்று சென்ரிமீற்றர் குறைத்துக்கொள்ளலாம். உயரம் சரியானாலும் பாரத்தை இருக்கையில் இறக்காமல் பெடலில் நின்றவாறு ஓட்டுபவர்கள் பலர். பாரம் இருக்கையில் இருந்தால்தான் கால்கள் இலகுவாகச் சுழலும், வண்டியும் பக்கவாட்டில் ஆடாமல் நேராகச் செல்லும். பார்வையும் அப்படித்தான்: சில்லைக் குனிந்து பார்ப்பவர் சில்லோடு சேர்ந்து சாய்வார், ஏழெட்டு மீற்றர் முன்னால் பார்க்கப் பழக வேண்டும்.

தூணைப் பிடித்து ஏறிப் பழகியவர்கள், தூண் இல்லாத இடத்தில் ஏறத் தெரியாமலேயே வீதிக்கு வந்துவிடுகிறார்கள். சந்தியில் ஒரு பேருந்துக்காக இறங்க நேர்ந்தால், மீண்டும் ஏறுவதற்கு மின்கம்பத்தைத் தேடி நடக்க வேண்டியதாகிவிடும். பிடிப்பின்றி ஏறும்போது எல்லோரும் செய்யும் பிழை, பின்பக்கமாகத் தாழ்ந்திருக்கும் பெடலை அழுத்தி மிதிப்பது; ஃப்ரீவீல் இல்லாத சில்லு உடனே நம்மை நோக்கி உருண்டு, மறுபக்கப் பெடல் கணுக்காலைத் தாக்கும். பின்பக்கப் பெடலில் காலைத் தொட்டவாறு மட்டும் வைத்து, பாரத்தை இருக்கையில் சாய்த்து எழும்பினால் வண்டி நமக்குக் கீழே வந்து நிற்கும். வெறும் மைதானத்தில் பத்துக்கு எட்டுத் தடவையாவது இவ்வாறு ஏற முடியாதவர் பிரதான வீதிக்கு வரக் கூடாது என்று உறுதியாகச் சொல்வேன்.

விழுவதைப் பொறுத்தவரை, முன்பக்கமாக விழுவது நல்லது, ஓடி நின்றுவிடலாம். ஆகவே, எவ்வளவு வேகமாக உங்களால் ஓட முடியுமோ அதற்கு மேல் வண்டியை விரட்டாதீர்கள். பின்னோக்கி விழுந்தால் முதுகுத்தண்டின் அடி நிலத்தில் மோதும். தலைக்கவசத்தோடு மணிக்கட்டுக் காப்பும் அணிவது அவசியம். கை ஊன்றி விழும்போது முதலில் முறிவது மணிக்கட்டுத்தான். சாரம், அகலக் கால்சட்டை, தொங்கும் சப்பாத்துக் கயிறு ஆகிய மூன்றும் கிராங்கில் சுற்றிக்கொள்ளும். சுற்றிக்கொண்ட பிறகும் சில்லு சுழன்றுகொண்டுதான் இருக்கும்.

வீதியில் கவனிக்க வேண்டியது ரயரின் காற்று. தார் வீதிகள் மழைநீர் வடிவதற்காக நடுவில் உயர்ந்தும் ஓரத்தில் தாழ்ந்தும் இருக்கும். நாம் இடப்பக்க ஓரமாகச் செல்ல வேண்டியவர்கள் என்பதால், அந்தச் சரிவில் வண்டி ஒரு பக்கமாகத் திரும்ப முயன்றுகொண்டே இருக்கும். ரயரில் காற்றுக் குறைந்தாலும், காட்டுப் பாதைக்கான முரட்டு ரயரோடு வந்தாலும் அந்த இழுப்பு அதிகமாகி, கல்முனை வீதியில் ஆரையம்பதி வரை போவதற்குள் இடுப்பு வலித்துவிடும். வீதிக்கு வழுவழுப்பான ரயரும் 50 பி.எஸ்.ஐ. (காற்றழுத்த அலகு) அளவிலான காற்றும் பொருந்தும். கிறவலுக்குப் போகும்போது அதையே வைத்திருப்பது எதிர்மாறான தவறு: மூன்று அங்குல அகல ரயரில் 20 பி.எஸ்.ஐ. அளவில் காற்று இருந்தால், சில்லு சிறு கற்களின் மேல் துள்ளாமல் அவற்றை அணைத்துக்கொண்டு உருளும். கிராங்கும் அவ்வாறே. வீதிக்கு 125 மில்லிமீற்றரும் கரடுமுரடான பாதைக்கு 150 மில்லிமீற்றரும் எனக்குப் பொருந்துகின்றன. நீளம் கூடினால் பள்ளத்திலிருந்து ஏறும் பலம் கூடும், சுழற்சியின் வேகம் குறையும்.

பிறேக்கைப் பற்றி அடிக்கடி கேட்கிறார்கள். நம் கரையோரம் சமதரை. கல்லடிப் பாலத்தின் இறக்கம் தவிர வேறு சரிவைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். எனவே அதற்கான பணத்தை முதலில் நல்ல இருக்கைக்குச் செலவிடுங்கள். பதுளைப் பக்க மலைகளுக்குப் போகிறவருக்கு பிறேக் கட்டாயம் தேவை. எனினும், அது திடீரென நிறுத்துவதற்கான கருவி என்று நினைத்து இறுக்கிப் பிடித்தால் ஓட்டுநர் முன்னால் தூக்கி எறியப்படுவார். இறக்கத்தில் கால்களின் சுமையைக் குறைக்க மெதுவாக உரசவிடுவதற்கே அது.

நம் பகுதிக்கே உரிய சில தவறுகளும் உள்ளன. கச்சான் காற்று வீசும் மே முதல் ஓகஸ்ட் வரையான மாதங்களில், பாலத்தின் நடுவில் வாவிப் பக்கமிருந்து வரும் திடீர் வீச்சு, நிமிர்ந்து அமர்ந்திருக்கும் உடலைச் சட்டென்று தள்ளும். அதை எதிர்பாராமல் வாகனங்களுக்கு நெருக்கமாகச் செல்வது ஆபத்தானது. விடியற்காலையில் காற்றும் வெயிலும் வாகனமும் குறைவு. மார்கழி மழையில் வீதிப் பள்ளங்களை நீர் மூடியிருக்கும்; சைக்கிளுக்கு முன்சில்லு விழுந்தால் பின்சில்லு தாங்கும், நமக்கு அப்படித் தாங்க எதுவும் இல்லை. கடற்கரையில் உலர்ந்த மணலில் ஓட்ட முயன்று களைப்பதைவிட, அலை நனைத்து இறுகிய மணலில் ஓட்டுவது இன்பமானது. வீட்டுக்கு வந்ததும் நன்னீரால் கழுவி உலர்த்தாவிட்டால் சில்லின் கம்பிகளும் பெயாரிங்கும் உப்பில் துருவேறும்.

எனக்கு மிகவும் பிடித்த ஓட்டம் வாவியின் மேற்குக் கரையான படுவான்கரையில்தான். வலையிறவுப் பாலத்தைக் கடந்து வவுணதீவுப் பக்கமாகப் போனாலும், 2014இல் திறக்கப்பட்ட மண்முனைப் பாலத்தைக் கடந்து கொக்கட்டிச்சோலைப் பக்கமாகப் போனாலும், வயல்களுக்கு நடுவே கிறவல் பாதைகள் நீளமாக விரிகின்றன. அங்கே கட்டாக்காலி மாடுகள் குறுக்கே வரும்போது மணியடித்து விரட்டப் பார்க்கக் கூடாது. அவை எந்தப் பக்கம் திரும்பும் என்று சொல்ல முடியாததால் இறங்கி நடப்பதே மேல். படுவான்கரையிலும் அம்பாறையின் உட்பகுதிகளிலும் பொழுது சாயும் நேரத்தில் யானைகள் வயலுக்கு இறங்குகின்றன. சைக்கிள்காரர் ஒரு உந்தலில் திரும்பி விரைந்துவிடுவார். நமக்கோ இறங்கி, திரும்பி, மீண்டும் ஏறி, முதல் மிதியிலிருந்து வேகம் எடுக்க வேண்டும். அதனால் எவ்வளவு அழகான மாலையாக இருந்தாலும் ஐந்து மணிக்கு முன்பே பாலத்தை நோக்கித் திரும்பிவிடுகிறேன். உடன் வருபவர்களையும் திருப்பிவிடுகிறேன்.