மூன்று வார விடுமுறையும் ஊர்க் காணியும்: சட்டத்தரணியிடம் போகுமுன்

கனடாவிலிருந்தோ சுவிஸிலிருந்தோ யாழ்ப்பாணத்துக்கு வருபவர்கள் சட்டத்தரணியிடம் கேட்கும் கேள்விகளில் பெரும்பாலானவை காணியைச் சுற்றியே வரும். "வீட்டில் சித்தப்பா குடும்பம் இருக்கிறது, எழுப்பலாமா?" "உறுதி இடம்பெயர்வில் தொலைந்துவிட்டது, காணியும் போய்விட்டதா?" "எனக்கு இப்போது வெளிநாட்டுப் பாஸ்போர்ட், காணி என் பெயரில் வருமா?" இவற்றுக்கெல்லாம் விடை உண்டு. கேட்கிற நேரம்தான் பிழை. கலியாணம், நல்லூர்த் திருவிழா, கொழும்புப் பயணம் எல்லாம் முடிந்து, விமானத்துக்கு நாலு நாள் இருக்கும்போதுதான் கோப்பைத் தூக்கிக்கொண்டு ஓடுவோம். மூன்று வாரத்தில் ஒரு வழக்கை முடிக்க முடியாது. ஆனால் பதிவேட்டைப் பார்க்கவும், நேரில் வைக்க வேண்டிய கையெழுத்துகளை வைக்கவும் மூன்று வாரம் தாராளம். அதனால் வந்து இறங்கிய முதல் வாரத்திலேயே காணிப் பதிவகத்துக்குப் போங்கள்.

உறுதி தொலைந்த கதையிலிருந்து தொடங்கலாம், ஏனென்றால் வீணாகப் பயப்படுவது இதற்குத்தான். இலங்கையில் காணியை விற்கவோ, நன்கொடை கொடுக்கவோ, ஈடு வைக்கவோ நொத்தாரிசு முன்னிலையில், இரண்டு சாட்சிகளோடு எழுதிய உறுதி வேண்டும். 1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் வைத்த விதி இது, இன்றும் அதுதான் நடைமுறை. நொத்தாரிசு தன்னிடம் ஒரு பிரதியை வைத்துக்கொள்வார், இன்னொன்றைக் காணிப் பதிவகத்துக்கு அனுப்புவார். ஆகவே உங்கள் அலுமாரியில் இருந்தது எரிந்துபோனாலும் பதிவகத்தில் அத்தாட்சிப்படுத்திய பிரதி எடுக்க வழி உண்டு. உறுதி இலக்கம், எழுதிய நொத்தாரிசின் பெயர், ஆண்டு, ஊர், காணியின் பெயர் என்பன தெரிந்தால் வேலை சுலபம். ஒன்றும் தெரியாவிட்டால் பக்கத்துக் காணிக்காரரிடம் அவருடைய உறுதியைக் காட்டச் சொல்லிக் கேளுங்கள். அதில் எல்லை சொல்லும் இடத்தில் உங்கள் தாத்தாவின் பெயர் இருக்கக்கூடும். அந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டு தேட ஆரம்பிக்கலாம்.

பிரதி எடுப்பதோடு நிற்க வேண்டாம். அந்தக் காணியின் பதிவேட்டுப் பக்கங்களையும் எடுத்துச் சட்டத்தரணியிடம் கொடுங்கள். முப்பது ஆண்டுக்காவது பின்னோக்கிப் பார்ப்பது வழக்கம். யாராவது ஈடு வைத்திருக்கிறார்களா, குத்தகை பதிந்திருக்கிறதா, பங்கு வழக்கு நிலுவையில் இருக்கிறதா, உங்களுக்குத் தெரியாமல் கைமாறியிருக்கிறதா என்பதெல்லாம் அங்கேதான் தெரியும். சோலைவரிப் பற்றுச்சீட்டும் விதானையாரின் கடிதமும் கையில் இருந்தால் காணி நம்முடையது என்று பலர் நம்புகிறார்கள். அவை காணியை ஆண்டு அனுபவித்ததற்குச் சாட்சியே ஒழிய உரிமைப் பத்திரம் ஆகாது. எறிந்துவிடவும் கூடாது, வழக்கு வந்தால் அவையும் உதவும்.

வாங்குவதானால் இன்னொன்று. ஒரே காணியை ஒருவர் இருவருக்கு விற்றால், நல்லெண்ணத்தோடு பணம் கொடுத்து வாங்கி, முதலில் பதிந்தவரின் உறுதி முன்னுரிமை பெறலாம், அது பின்னர் எழுதப்பட்டதாக இருந்தாலும். உறுதி முடித்துவிட்டுப் பதிவை "பிறகு பார்ப்போம்" என்று விடக்கூடாத காரணம் இதுதான். முத்திரைத் தீர்வை முதல் ஒரு இலட்சம் ரூபாவுக்கு 3 வீதம், மிச்சத்துக்கு 4 வீதம். அதைக் குறைக்க உறுதியில் விலையைக் குறைத்து எழுதச் சொல்லும் தரகர் இருப்பார். பின்னால் விற்று அந்தப் பணத்தை வெளிநாட்டுக்குக் கொண்டுபோக நினைக்கும்போது, நீங்கள் கொண்டுவந்த தொகையும் உறுதியில் இருக்கும் தொகையும் பொருந்தாமல் முழிக்கப்போவது நீங்கள்தான், தரகர் இல்லை.

சரி, காணியில் ஆள் இருந்தால்?

பத்து வருடம் இருந்தால் காணி அவர்களுக்குப் போய்விடும் என்பது ஊரில் எல்லோருக்கும் தெரிந்த சட்டம். பாதிதான் சரி. 1871ஆம் ஆண்டின் ஆட்சியுரிமைக் கட்டளைச் சட்டம் சொல்வது, பத்து ஆண்டுகள் இடையறாமல், உரிமையாளருக்கு எதிரான வகையில், தன்னுடையது என்றே ஆண்டிருக்க வேண்டும் என்பதை. உங்கள் அனுமதியோடு வந்து குடியிருப்பவர், வாடகைக்காரர், வீட்டைப் பார்த்துக்கொள்ள நீங்களே இருத்திய உறவினர் ஆகியோர் வருடம் போவதால் மட்டும் உரிமையாளர் ஆகிவிட முடியாது. கூட்டுச் சொத்தில் ஒரு பங்காளர் தனியே இருந்தாலும் அப்படித்தான். மற்றவர்களை வெளிப்படையாக விலக்கி ஆண்டதை அவர் நிரூபிக்க வேண்டும்.

ஆனால் "அனுமதியோடுதான் இருத்தினேன்" என்பதை நீங்கள் காட்ட வேண்டி வரும். அனுமதி கொடுத்த அப்பா இல்லை, கேட்டு நின்ற மாமியும் இல்லை என்ற நிலையில் என்ன செய்வீர்கள்? ஆகவே உறவு நன்றாக இருக்கும்போதே ஒரு பராமரிப்பு ஒப்பந்தம் எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். "எங்களை நம்பவில்லையோ" என்று சித்தி கோபிப்பா. வாடகை கேட்கவில்லை, எழும்பச் சொல்லவில்லை, பிள்ளைகள் காலத்தில் குழப்பம் வரக்கூடாது என்பதற்காக மட்டும்தான் என்று நேரே போய் இருந்து சொன்னால் பெரும்பாலும் புரிந்துகொள்வார்கள். தொலைபேசியில் சொல்லாதீர்கள். இதை நேரில் செய்வதற்காகவே ஒரு பயணம் வரலாம் என்பது என் எண்ணம்.

போர்க்காலத்தில் காணிக்குத் திரும்ப முடியாமல் போனவர்களுக்காக 2016இல் 5ஆம் இலக்கச் சிறப்புச் சட்டம் ஒன்று வந்தது. 1983 மே 1 முதல் 2009 மே 18 வரையான காலத்தை அந்தப் பத்து வருடக் கணக்கில் சேர்க்காமல் விடுவது அதன் நோக்கம். அதன்கீழ் வழக்குத் தொடரக் காலக்கெடுவும் இருந்தது. அதை நம்பிக்கொண்டு இனியும் பொறுத்திருக்க வேண்டாம்.

பூட்டை உடைப்பது, ஆட்களைக் கூட்டிவந்து வேலியை நகர்த்துவது என்ற யோசனைகளை விட்டுவிடுங்கள். அடிதடி வரும் நிலை என்றால் பொலிஸ் விடயத்தை 1979ஆம் ஆண்டின் 44ஆம் இலக்கச் சட்டத்தின் 66ஆம் பிரிவின்கீழ் நீதிமன்றத்துக்குக் கொண்டுபோகும். அங்கே உறுதி யாருடையது என்று ஆராயமாட்டார்கள். அந்த நேரத்தில் காணி யார் கையில் இருந்தது என்பதுதான் கேள்வி. உங்களையோ உங்கள் ஆளையோ யாராவது பலவந்தமாக வெளியேற்றியிருந்தால் இரண்டு மாதத்துக்குள் விடயம் நீதிமன்றத்துக்குப் போக வேண்டும். அது கடந்தால் மாவட்ட நீதிமன்றத்தில் நீண்ட உரிமை வழக்குத்தான்.

அடுத்தது அற்றோணித் தத்துவம், அதாவது உங்கள் சார்பில் காரியம் பார்க்க இன்னொருவருக்கு நீங்கள் எழுதிக் கொடுக்கும் அதிகாரம். வெளிநாட்டில் இருப்பவர்களை ஏமாற்றியவர்களில் ஊர்பேர் தெரியாதவர்களைவிட, தத்துவம் வாங்கிய சொந்தக்காரர்தான் அதிகம் என்று தயங்காமல் சொல்வேன். "எல்லா அதிகாரமும்" என்று பொதுத் தத்துவம் எழுதிக் கொடுக்காதீர்கள். எந்தக் காணி, என்ன வேலை, எந்தத் திகதிவரை என்று குறிப்பிட்டு, விற்கவும் ஈடு வைக்கவும் அதிகாரம் இல்லை என்று ஒரு வரியும் சேர்த்துச் சிறப்புத் தத்துவமாகக் கொடுங்கள். வெளிநாட்டிலேயே கையெழுத்து வைப்பதானால் இலங்கைத் தூதரகத்தில் அத்தாட்சிப்படுத்தி, இங்கே பதிய வேண்டும். கொடுத்தவர் இறந்த அன்றோடு தத்துவமும் முடிந்துவிடும். அப்பா இறந்த பிறகு அவர் கொடுத்த தத்துவத்தை வைத்து அண்ணா விற்றால் அந்த விற்பனை நிற்காது. பழைய தத்துவம் ஒன்று யாரிடமாவது கிடந்தால் எழுத்தில் இரத்துச் செய்து, அதையும் பதிந்து, அவருக்கு அறிவித்து, தமிழ்ப் பத்திரிகை ஒன்றில் விளம்பரமும் போடுங்கள்.

வெளிநாட்டுக் கடவுச்சீட்டுக்காரர் கேள்விக்கு வருவோம். வேறு நாட்டுப் பிரஜாவுரிமையைக் கேட்டு எடுத்த நாளோடு இலங்கைப் பிரஜாவுரிமை போய்விடும். பழைய அடையாள அட்டை கையில் இருக்கிறது என்பதால் நீங்கள் பிரஜை ஆகமாட்டீர்கள். 2014ஆம் ஆண்டின் 38ஆம் இலக்கக் காணிச் சட்டப்படி, 2013 ஜனவரி 1 முதல், வெளிநாட்டவருக்குக் காணியைக் கைமாற்ற முடியாது. பழைய அடையாள அட்டையைக் காட்டி உறுதி முடிப்பவர்கள் இருக்கிறார்கள். அப்படி முடித்த உறுதி சட்டத்தில் செல்லாது, பணம் போனது போனதுதான். விதிவிலக்குகளில் நம்மவருக்குப் பொருந்துபவை சில: பெற்றோரின் சொத்து மரபுரிமையாகவோ மரணசாதனத்தாலோ வருவது, சட்டம் அனுமதிக்கும் தொடர்மாடி வீட்டை முழுப் பணத்தையும் வெளிநாட்டிலிருந்து அனுப்பி வாங்குவது, இரட்டைப் பிரஜாவுரிமை உள்ளவர் வாங்குவது. தொடர்ந்து வாங்கும் எண்ணம் இருந்தால் முதலில் இரட்டைப் பிரஜாவுரிமைக்கு விண்ணப்பியுங்கள், காணியைப் பிறகு பார்க்கலாம்.

கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியாப் பக்கம் மலிவாக ஒரு காணி என்று யாராவது சொன்னால், அது உறுதிக் காணியா, அரசு அனுமதிப் பத்திரத்தில் கொடுத்த பெர்மிட் காணியா என்று முதலில் கேளுங்கள். 1935ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின்கீழ் அரசு கொடுத்த காணியைப் பிரதேச செயலாளரின் அனுமதி இல்லாமல் விற்க முடியாது. நொத்தாரிசு எழுதிய காகிதம் இருந்தாலும் பயன் இல்லை. அந்தக் காணியை வைத்திருந்த அம்மா அப்பா, தங்களுக்குப் பிறகு அது யாருக்கு என்று பின்னுரித்தாளரைப் பதிந்தார்களா என்பதையும் பிரதேச செயலகத்தில் விசாரியுங்கள்.

வடமாகாணத் தமிழருக்குத் தேசவழமை என்ற தனி வழக்காற்றுச் சட்டமும் உண்டு. அதில் இரண்டு விடயம் விடுமுறைக்காரரை இடறும். கூட்டுக் காணியில் தன் பங்கை வெளியாளுக்கு விற்க நினைப்பவர் முதலில் பங்காளருக்கு அறிவிக்க வேண்டும். அறிவிக்காமல் விற்றால் அவர்கள் வழக்குப் போட்டு அதே பங்கைத் தாங்களே வாங்கிக்கொள்ளலாம். அடுத்தது, தேசவழமைக்கு உட்பட்ட மணமான பெண் தன் சீதனக் காணியை விற்கவும் கணவரின் எழுத்துமூலச் சம்மதம் வேண்டும். இந்தக் காலத்தில் இது நியாயமா என்பது வேறு கதை. கணவர் ரொறன்ரோவில் வேலையில் நிற்க, மனைவி மட்டும் வந்து விற்க முயன்றால் காரியம் நடக்காது, சம்மதத்தை அங்கிருந்தே சட்டப்படி எழுதி எடுத்து வாருங்கள். மட்டக்களப்புக்காரருக்குப் பொதுச் சட்டம்தான்: உயிலில்லாமல் இறந்தவரின் சொத்தில் பாதி துணைக்கு, பாதி பிள்ளைகளுக்குச் சமமாக.

அண்ணன் தம்பி பங்கு பிரிக்க 1977ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சட்டப்படி வழக்குப் போடலாம். அதில் வரும் இறுதித் தீர்ப்பு யாரையும் கட்டுப்படுத்தும், ஆனால் வழக்கு வருடக்கணக்கில் இழுக்கும். எல்லோரும் ஒரு கலியாணத்துக்கு ஊரில் கூடும் நேரம் வந்தால் அதைவிட நல்ல சந்தர்ப்பம் இல்லை. நில அளவையாளரை முன்கூட்டியே பிடித்துப் பிளான் கீறி வைத்து, எல்லோரும் ஒரே நாளில் கையெழுத்து வைத்துப் பங்கு உறுதி முடியுங்கள். தகப்பன் காணாமற்போனவராக இருந்தால் மரணச் சான்றிதழ் எடுக்க மனம் வராது. அதற்காகத்தான் 2016இல் காணாமற்போனமைக்கான சான்றிதழைச் சட்டம் கொண்டுவந்தது. சொத்து விடயங்களை அதை வைத்தும் நகர்த்தலாமா என்று சட்டத்தரணியிடம் கேளுங்கள்.

காணியை விட்டால் பொலிஸ். கடவுச்சீட்டுத் தொலைந்தால் முறைப்பாடு செய்து அதன் பிரதியை வாங்குங்கள், தூதரகம் கேட்கும். முறைப்பாட்டைத் தமிழில் கொடுக்க உங்களுக்கு உரிமை உண்டு, விளங்காத சிங்களத்தில் எழுதியதில் கையெழுத்து வைக்க வேண்டாம். கைது செய்தால் காரணம் சொல்ல வேண்டும். சாதாரணச் சட்டத்தின்கீழ் 24 மணி நேரத்துக்குள் நீதவான் முன் கொண்டுபோக வேண்டும். அடிப்படை உரிமை மீறல் என்றால் உயர் நீதிமன்றத்துக்குப் போக ஒரு மாதம்தான் அவகாசம். அந்த மாதத்துக்குள் மனித உரிமைகள் ஆணைக்குழுவில் முறையிட்டால், அங்கே விசாரணை நடக்கும் காலம் கணக்கில் சேராது. தகவல் அறியும் சட்டம் பிரஜைகளுக்கு மட்டும் உரியது, உங்கள் கடவுச்சீட்டு வெளிநாட்டினது என்றால் ஊரில் இருக்கும் தம்பியைக் கொண்டு விண்ணப்பம் போடுங்கள். 14 வேலை நாளுக்குள் முடிவு சொல்ல வேண்டும்.

சட்டத்தரணியை யார் பிடிப்பது என்பதில் மட்டும் கவனம். விற்பவரும் தரகரும் கூட்டிப்போகும் நொத்தாரிசை உங்களுடையவராக எடுக்காதீர்கள், பதிவேட்டைத் தேடிப் பார்க்க வேறொருவரை வையுங்கள். கட்டணத்துக்குப் பற்றுச்சீட்டுக் கேளுங்கள். உறுதியை வாசித்து விளக்கிய பிறகே கையெழுத்து வையுங்கள், வெற்றுத்தாளில் வேண்டாம். பதிவு முடிந்த மூல உறுதி பெரும்பாலும் நீங்கள் விமானம் ஏறிய பிறகே கைக்கு வரும். அதை யார் வாங்கி வைத்திருப்பது என்று நொத்தாரிசிடம் எழுத்தில் கொடுத்து, உறுதி இலக்கத்தையும் பதிவுக்குக் கொடுத்த திகதியையும் தொலைபேசியில் படம் எடுத்துக்கொண்டு போங்கள்.